ஜெபக்கனியோடு குதித்த மாதங்கள்

ஜூன் 4

காலையிலிருந்து சாரல். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதாம், அலுவலகத்தில் எல்லாருக்கும் லீவு போடுவதைப் பற்றியே பேச்சு. சாயங்காலம் மைதானம் ஈரமாக இருக்குமே என்பது மட்டும்தான் என் கவலை.

இருந்தாலும் போனோம். ஜெபக்கனி எனக்கு முன்பே பாளை பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றாள். வெள்ளைக் கோலை மடக்கிப் பையில் வைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பி.எட். படிக்கிறாள், பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறாள். நான் அவளுக்குத் துணையாக ஓடுகிறவள். எங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கயிறு, இரண்டு முனையிலும் வளையம். ஒன்று அவள் விரலில், இன்னொன்று என் விரலில். வளைவு வருகிறது, நேர்க்கோடு வருகிறது, பக்கத்தில் ஆள் வருகிறது என்று நான் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். மின்வாரியத்தில் நாளெல்லாம் புகார் கேட்டுக் கேட்டுச் சலித்த எனக்கு, நான் பேசுவதை ஒருத்தி கேட்டு நடக்கிறாள் என்பதே பெரிய ஆறுதல்.

போன வருஷம் மாநிலப் போட்டியில் கடைசிச் சுற்று வரை இரண்டாவதாக வந்தாள். கடைசி நேர்க்கோட்டில் கால் ஈயமாய்க் கனத்து, இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். முதல் இரண்டு இடத்துக்குத்தான் தேசியப் போட்டி.

இன்று ஏதோ போனில் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஓடுகிறவர்கள் குதித்துப் பழக வேண்டுமாம், கால் துள்ளுமாம், கடைசிச் சுற்றில் வேகம் வருமாம். அதெல்லாம் நீளம் தாண்டுகிறவர்களுக்கு என்று சொல்லி முடித்துவிட்டேன்.

ஜூன் 5

கேஸ் சிலிண்டர் வந்தது. ஜெபக்கனி காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கூப்பிட்டாள். குதிப்பதைப் பற்றித்தான்.

ஜூன் 9

நச்சரிப்பு தாங்காமல் அவளை மேலப்பாளையத்துக்கு, ரஹ்மத் நிஷாவிடம் கூட்டிப் போனேன். நிஷா பிசியோதெரபிஸ்ட். சில வருஷங்களுக்கு முன் எனக்கு இடது குதிகால் தசைநார் அறுந்து, ஆபரேஷனுக்குப் பிறகு என்னை மறுபடி நடக்க வைத்தவள். அலுவலக விளையாட்டுப் போட்டியில் தடை தாண்டி இறங்கியபோது நடந்தது அது. பழைய கதை. இப்போது ஒன்றுமில்லை, நன்றாகத்தான் ஓடுகிறேன்.

நிஷா ஜெபக்கனியைக் காது கொடுத்துக் கேட்கச் சொன்னாள். ரப்பர் பந்து ஒன்றை மேசைமேல் போட்டாள், அது துள்ளித் துள்ளி ஓடியது. பிறகு ஈரத்துணியைச் சுருட்டி அதே உயரத்திலிருந்து போட்டாள்.

“இப்ப உன் கால் ரெண்டாவது மாதிரி விழுது. குதிச்சுப் பழகுனா தசைநார் ஸ்பிரிங் மாதிரி ஆயிரும். பாதம் தரையில கெடக்குற நேரம் குறையும். அதே வேகத்துக்குக் களைப்பு கம்மியாத்தான் இருக்கும். கடைசிச் சுத்துக்குக் கால்ல கொஞ்சம் மிச்சம் இருக்கும்.”

ஜெபக்கனி என் பக்கம் முகத்தைத் திருப்பி, பார்த்தீர்களா என்பதுபோலச் சிரித்தாள்.

நிஷா நிபந்தனைகளும் சொன்னாள். வாரத்தில் இரண்டு நாள்தான், அதுவும் அடுத்தடுத்த நாளில் கூடாது. புல்தரையில் மட்டும். ஓடிக் களைத்த பிறகு கூடாது. எத்தனை தடவை குதித்தோம் என்பது முக்கியமில்லை, சத்தம் வராமல் இறங்குவதுதான் முக்கியம். மூச்சு வளர ஓடித்தான் ஆக வேண்டும், ஓட்டத்துக்குப் பதிலாக இதை நினைக்கக் கூடாது.

கிளம்பும்போது என்னைத் தனியாக நிறுத்தி, நீயும் கூடவே செய், உனக்குத்தான் இது ரொம்ப வேணும் என்றாள். கயிறு பிடிக்கிறவளுக்கு எதற்கு என்று சிரித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 12

முதல் நாள். மழை இல்லை. மைதானத்தின் தெற்கு ஓரத்தில் புல் நன்றாக இருக்கிறது.

முழங்காலை மடக்கிப் பாதி உட்கார வேண்டும், அங்கிருந்து மேலே எழும்ப வேண்டும். ஜெபக்கனி அழகாக உட்கார்ந்தாள். எழும்பத்தான் முடியவில்லை. குதிகால் உயர்ந்தது, விரல்கள் புல்லைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தன. மறுபடி உட்கார்ந்தாள். மறுபடியும் அதேதான். ஒரு வாரமாக இதற்காக என்னைப் படுத்தி எடுத்தவள், முகம் வெளுத்து நின்றாள்.

என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“அக்கா, எனக்குத் தரை ஒண்ணுதான் நிச்சயம். செவரு, படி, ஆளு எல்லாம் தொட்டாத்தான் உண்டு. தரை மட்டும் எப்பவும் தொட்டுக்கிட்டே இருக்கும். அத விட்டுட்டு மேல போகச் சொல்லுதீங்க. திரும்ப வரும்போது அது எங்க இருக்குன்னு நான் எப்படிக்கா கண்டுபிடிக்க?”

போனில் கேட்டபோது எளிதாகத் தெரிந்தது என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு எதிரே நின்று, அவள் கைகளை என் தோள்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதலில் குதிகாலை மட்டும் தூக்கினாள். பிறகு ஒரு விரல் உயரம். இறங்கும் ஒவ்வொரு தடவையும் நான் “இருக்கு” என்றேன். தரை இருக்கிறது என்று அர்த்தம். கிளம்பும்போது என் தோள் சிவந்திருந்தது, அவள் அப்படி அழுத்தியிருக்கிறாள்.

யாராவது ஒருவர் கீழே உறுதியாக நிற்க வேண்டும் அல்லவா. அது என் வேலை.

ஜூன் 13

ஜெபக்கனிக்குத் தொடையும் கெண்டைக்காலும் வலி. விடுதிப் படியில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்க முடிந்ததாம், தோழிகள் எல்லாரும் சிரித்தார்களாம். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு வலி எதுவும் இல்லை.

ஜூன் 28

இப்போது தோளைப் பிடிக்காமலே குதிக்கிறாள். இன்று தாழ்வான மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். அதன் விளிம்பை உள்ளங்கையால் தடவினாள், பிறகு கால் விரலால். ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

குதித்தாள். பெட்டியின் நடுவில் இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல் இறங்கின. இறங்கி வா என்றால் வர மாட்டேன் என்கிறாள். மேலே காற்று வேறு மாதிரி அடிக்கிறதாம். அந்தப் பெட்டி ஒரு சாண் உயரம்கூட இருக்காது.

நல்ல நாள். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரருக்குப் பிடித்த சொதிக் குழம்பு வைத்தேன்.

ஜூலை 10

முன்கால் எலும்பில் வலி என்றாள். விசாரித்ததில் உண்மை வந்தது. நாங்கள் குதிக்காத நாட்களில் எல்லாம் விடுதி மொட்டைமாடியில், சிமென்ட் தரையில் தனியாகக் குதித்திருக்கிறாள். சீக்கிரம் பலன் வரட்டும் என்று.

நிஷா நன்றாகத் திட்டினாள். குதிக்கும்போது உடம்பின் எடை பல மடங்காகக் காலில் இறங்குகிறது, தாங்கிக்கொள்ள எலும்புக்கு அவகாசம் கொடுத்தால் அது உறுதியாகும், கொடுக்காவிட்டால் விரிசல் விடும் என்றாள். நல்லவேளை, விரிசல் இல்லை. வலி போகும்வரை ஓட்டமும் கிடையாது, குதிப்பதும் கிடையாது. நேரத்தோடு வந்தோமே என்று நிஷாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஜூலை 11

தோசைக்கு அரைத்தேன். அலமாரி துடைத்தேன். சாயங்காலம் இவ்வளவு நீளமா?

ஆகஸ்ட் 2

வலி போய், நிதானமாக மறுபடி ஆரம்பித்து, இப்போது பழையபடி வந்துவிட்டோம். பழையபடி என்பதுகூடத் தவறு. முன்பெல்லாம் பக்கத்தில் ஓடும்போது அவள் பாதம் ஈரத்துணியைத் துவைப்பதுபோல் விழும். இப்போது நகத்தால் பலகையைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். குதித்து இறங்கும் சத்தத்தை அவளே கேட்டுத் திருத்திக்கொள்கிறாள். கண் தெரிகிற எனக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இறக்கத்தை, இது நல்லது, இது கெட்டது என்று பிரித்துச் சொல்கிறாள்.

இன்று தண்ணீர் குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

“அக்கா, ஓடும்போது ரெண்டு பேர் சத்தம் கேக்கு. குதிக்கும்போது ஒருத்தர் சத்தந்தானே கேக்கு. நீங்க ஏன் குதிக்க மாட்டேங்கீங்க?”

மேற்பார்வை பார்க்க ஆள் வேண்டாமா என்றேன். அவள் சரி என்றாள். சரி என்று அவள் சொன்ன விதம் சரியில்லை.

ஆகஸ்ட் 4

காலையில் குடியிருப்புக்குப் பின்னால் புல் இருக்கும் இடத்துக்குப் போனேன். நடக்கத்தான் போனேன். வந்ததுதான் வந்தோம் என்று பாதி உட்கார்ந்து எழும்பிப் பார்த்தேன். எழும்பவில்லை. குதிகால் உயர்ந்தது, அதற்கு மேல் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அன்று தசைநார் அறுந்தபோது கேட்ட சத்தம், துணி கிழிவது மாதிரி, அப்படியே காதில் வந்தது.

ஈரமாக இருந்தது புல். அதுதான் காரணமாக இருக்கும்.

ஆகஸ்ட் 5

இன்றும் போனேன். திரும்பிப் பார்த்தால் அவர் நிற்கிறார். எப்போதிருந்து நின்றாரோ தெரியாது. என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் ஓடிப் பழக்கமில்லாதவர், பஸ் போய்விட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர். சாரத்தை மடித்துக் கட்டினார், எதிரே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நான் குதிக்கேன். நீ என்கூட வா, போதும்.”

தொப்பை குலுங்க ஒரு குதி குதித்தார். நான் வரவில்லை. மறுபடி குதித்தார். பால்காரர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். இவர் அதைச் சட்டை செய்யவே இல்லை, மூச்சு வாங்க மறுபடியும் குதித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் எப்போது எழும்பினேன் என்று தெரியவில்லை. இறங்கியபோதுதான் தெரிந்தது, இறங்கியிருக்கிறேன் என்று. தசைநார் தாங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இவரைக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது?

ஆகஸ்ட் 9

ஜெபக்கனியோடு சேர்ந்து குதித்தேன். நான் எதுவும் அறிவிக்கவில்லை, அவளும் எதுவும் கேட்கவில்லை. முடித்து உட்கார்ந்தபோது மட்டும், இடது கால் கொஞ்சம் பிந்தி இறங்குகிறது, கவனித்துக்கொள்ளுங்கள் என்றாள். காது அப்படி.

ஆகஸ்ட் 30

இப்போது கணுக்காலால் மட்டும் துள்ளுவது, பெட்டி ஏறுவது, புல்லில் தாவித் தாவிப் போவது எல்லாம் இருவருமாகச் செய்கிறோம். தாவும்போது கயிற்றைப் பிடித்துக்கொள்கிறோம், இருவரும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் விரல் இழுக்கும்.

அலுவலக மாடிப்படியில் இன்று மூச்சு வாங்காமல் ஏறினேன். மேம்பாலத்து ஏற்றத்தில் ஓடும்போது கால் தானாக மேலே போகிறது. ஆறு வருஷமாக இந்த இடது காலை ஒரு கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

செப்டம்பர் 6

முழுத் தூரமும் போட்டி வேகத்தில் ஓடிப் பார்த்தோம். ஜெபக்கனி போன வருஷத்தை விட நன்றாகவே ஓடினாள். இன்னும் நன்றாக ஓடியிருக்கலாம். கடைசி நேர்க்கோட்டில் எதிர்க்காற்று. கயிறு அங்கே விறைப்பாகவே இருந்தது, முன்பக்கமாக.

முடிந்ததும் அவள் குனிந்துகூட நிற்கவில்லை. நான்தான் வெகுநேரம் புல்லில் கிடந்தேன். நன்றாக இருந்தது அக்கா, போதும் என்றாள். இவளுக்குப் பொய் சொல்ல வராது.

செப்டம்பர் 7

அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. நேற்று கொடிக்கம்பத்துத் துணி அசையவே இல்லை என்பது இன்று நினைவுக்கு வருகிறது.

சாயங்காலம் தீயணைப்பு நிலையப் பக்கம் போனேன். பலவேசம் அங்கே வேலை பார்க்கிறான். மாவட்ட அளவில் ஆயிரத்து ஐந்நூறு ஓடுகிறவன், காலையில் அதே மைதானத்துக்கு வருவான், நல்ல பையன். ஜெபக்கனிக்கு இனி நீ கயிறு பிடிக்கிறாயா என்று கேட்டேன். செய்கிறேன் மேடம் என்று உடனே சொன்னான். கொஞ்சம் யோசித்துச் சொன்னால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

செப்டம்பர் 10

ஜெபக்கனியிடம் சொன்னேன். புல்லில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“நான் கேட்டேனாக்கா?”

“கேக்கல. நீ கேக்கவே மாட்ட. அதான் நான் சொல்லுதேன்.”

“உங்க வேகம் எனக்குப் போதும்.”

“உனக்குப் போதாதுட்டி. நீ என்னை இழுத்துக்கிட்டு ஓடுத. நான் முன்ன இருந்ததவிட நல்லாத்தான் ஓடுதேன். ஆனா நீ என்னையும் தாண்டிட்ட.”

அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். பலவேசம் அண்ணன் வளைவு எப்போது வரும் என்று உங்களை மாதிரி சொல்வாரா என்று கேட்டாள். நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். பிறகு, குதிப்பதற்கு நீங்கள்தான் வர வேண்டும், அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றாள்.

அதற்கு நான் உடனே சம்மதித்தேன்.

செப்டம்பர் 11

பால் வாங்கப் போனேன். மைதானம் வழியாகத் திரும்பினேன். அது சுற்று வழிதான், நடந்தால் நல்லது. அவர்கள் இரண்டு பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் நிற்கவில்லை.

செப்டம்பர் 22

பலவேசத்துக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாயிற்று. கயிறு தொய்வாக இருக்க வேண்டும், கோட்டை அவள்தான் முதலில் தாண்ட வேண்டும், துணைக்கு ஓடுகிறவர் முந்தினால் தகுதி போய்விடும். வளைவு முடிவதற்கு இரண்டு மூச்சு முன்பே அவளிடம் சொல்ல வேண்டும். அவன் ரொம்பச் சத்தமாகச் சொல்கிறான்.

“அண்ணன் தீ அணைக்கப் போற மாதிரில்லா கத்துதாக” என்று ஜெபக்கனி சொல்ல, அவன் வெட்கப்பட்டுக் குரலைக் குறைத்தான். நன்றாக ஓடுகிறார்கள். உண்மையிலேயே நன்றாக ஓடுகிறார்கள்.

போட்டிக்கு முந்தைய வாரம் குதிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டாள் நிஷா. கால் களைப்பில்லாமல் இருக்கட்டும் என்று.

அக்டோபர் 6

திருச்சியிலிருந்து திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். பெட்டி ஆடுவதால் எழுத்து கோணல்.

காலையில் போட்டி. பலவேசமும் ஜெபக்கனியும் கீழே தயாரானார்கள். அரைகுறையாகத் தெரிகிறவர்களுக்கும் சமமாக இருக்கட்டும் என்று எல்லாப் பெண்களுக்கும் கண்ணில் கறுப்புத் துணி கட்டினார்கள், எனக்குக் கீழே வேலை இல்லை. கேலரியில் போய் உட்கார்ந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றில் நான்காவதாக வந்தாள், அடுத்த சுற்றிலும் அப்படியே. போன வருஷம் தாண்டிப் போன இரண்டு பேரும் முன்னால் இருந்தார்கள். மணி அடித்தது. பின்பக்க நேர்க்கோட்டில் ஒருத்தியைத் தாண்டினாள். கடைசி வளைவு முடிந்து நேர்க்கோட்டுக்கு வந்தபோதுதான் அவளை முன்னாலிருந்து பார்த்தேன்.

இத்தனை வருஷம் அவள் பக்கத்திலேயே ஓடியிருக்கிறேன். அவள் தோளைத் தெரியும், மூச்சைத் தெரியும். அவள் ஓடுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கத்தில் ஓடுகிறவளுக்கு அது தெரியாது. களைத்த மற்றவர்கள் தரையோடு இழுபட்டு வந்தார்கள், இவள் தரையை லேசாகத் தொட்டுத் தொட்டு விட்டுவிட்டு வந்தாள். ஒவ்வோர் எட்டிலும் ஒரு கணம் இரண்டு பாதமும் அந்தரத்தில் இருந்தன. பலவேசம் முழு மூச்சில் ஓடினான், கயிறு தொய்வாகத்தான் இருந்தது. கோட்டுக்குச் சற்று முன்னால் இன்னொருத்தியைத் தாண்டினாள்.

இரண்டாவது இடம். தேசியப் போட்டிக்குத் தகுதி.

நான் எழுந்து நிற்கிறேன் என்பதும், பக்கத்திலிருந்த யாரோ ஓர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. யாரென்றே தெரியாத அவருக்கும் நன்றி.

அவளிடம் போனபோது அவள் கழுத்தில் பதக்கம் கிடந்தது, இரண்டு கையாலும் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல்தான் கிட்டே போனேன், கால் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள். கட்டிப்பிடித்து அழுதோம். பலவேசம் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

இப்போது பலவேசம் மேல் பெர்த்தில் தூங்குகிறான். ஜெபக்கனி ஜன்னலோரம். ரயில் ஏறியதும் கேட்டாள்:

“அக்கா, நான் எப்படி ஓடுனேன்? எந்த எடம்னு கேக்கல. பாக்கதுக்கு எப்படி இருந்துச்சு? எனக்கு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.”

சொல்ல ஆரம்பித்தேன். தாடையை எப்படித் தூக்கி வைத்திருந்தாள் என்று, பின்னல் எந்தப் பக்கம் ஆடியது என்று, கை எப்படி இடுப்பைத் தொட்டுப் போனது என்று, தாண்டும்போது உதட்டைக் கடித்தாள் என்று, பாதம் தரையை விடும் அந்தக் கணம் எப்படி இருந்தது என்று. அவள் முகத்தை என் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் நிறுத்தினால், அப்புறம் என்றாள். இதை எழுதுவதற்காகத்தான் கொஞ்சம் நிறுத்தினேன். திண்டுக்கல் போய்விட்டது, மதுரையும் போய்விட்டது. நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.